விதி வகுப்போர் யார்? - பேச்சுரிமை வரலாற்றில் ஓர் அத்தியாயம்

மனிதர் கூடிப் பேசும் இடமெங்கும் ஏதோவொரு விதி இருந்தே தீரும். யார் முதலிற் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, எதனைப் பேசலாம், எதனைப் பேசலாகாது, மீறியவனை என்ன செய்வது என்னும் வினாக்கள் கிராமத்து வாசகசாலைக்கும் உண்டு. நாட்டின் பாராளுமன்றத்துக்கும் உண்டு. இன்று கைத்தொலைபேசி வழியே கோடிக்கணக்கானோர் ஒருவரோடொருவர் உரையாடும் நிலை தோன்றியுள்ளமையால் இவ்வினாக்கள் மீண்டும் கூர்மை பெற்றுள்ளன. இணையவெளியில் எவரும் எதனையும் கூறலாம், கட்டுப்பாடு எதுவுமே கூடாது என்பர் ஒரு சாரார். வெறுப்பும் பொய்யும் மலிந்துவிட்டன, ஆதலால் அரசு கடிவாளம் இடவேண்டும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நேற்றுத் தோன்றிய புதுமையொன்றைப் பற்றி வாதிடுவோர் போலவே வாதிடுகின்றனர்.

உண்மையில் இது பழைய பிரச்சினை. அச்சியந்திரமும் கோப்பிக்கடையும் மதுச்சாலையும் பொதுமக்கள் பேசும் களங்களாக மாறிய காலத்திலேயே இதே வழக்கு எழுந்தது. விதி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதோடு நின்றுவிட்டால் அவ்வழக்குக்குத் தீர்ப்பு இல்லை. விதியை வகுப்போர் யார்? அது எவர் வாயைத் திறக்கின்றது? எவர் வாயை மூடுகின்றது? இவற்றைக் கேட்டாற்றான் தெளிவு பிறக்கும். இதனை விளக்குதற்கு இங்கிலாந்தின் வரலாற்றில் 1640க்கும் 1799க்கும் இடைப்பட்ட காலத்தை எடுத்துக்கொள்கின்றோம். பேச்சுரிமையின் தாயகம் நாமே என்று உரத்துக் கூறும் நாடு அது. எமது நீதிமன்றங்களும் சபை நடைமுறைகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தவை. அக்காலப்பகுதியின் நடுவே நிற்பது, சப்பாத்துத் தொழிலாளி ஒருவர் தொடக்கிவைத்த ஒரு சங்கம்.

1

1641இல் நட்சத்திர மண்டபம் எனப்பட்ட கொடிய நீதிமன்றம் ஒழிக்கப்பட்டபோது இங்கிலாந்தின் அச்சகங்கள் கட்டவிழ்ந்தன. உள்நாட்டுப் போர் மூண்ட அக்காலத்திலே துண்டுப்பிரசுரங்கள் வெள்ளமெனப் பெருகின. மன்னனை எதிர்த்து நின்ற பாராளுமன்றமே அவ்வெள்ளத்தைக் கண்டு அஞ்சி, 1643இல் நூல்களை அச்சிடுமுன் அனுமதி பெறவேண்டும் எனக் கட்டளையிட்டது. அதனைக் கண்டித்து 1644இல் ஜோன் மில்டன் எழுதிய 'ஏரியோபஜிற்றிக்கா' பேச்சுரிமையாளரின் வேதநூலாக இன்றும் போற்றப்படுகின்றது. உண்மையும் பொய்யும் வெளியில் நின்று பொருதட்டும். அப்போரில் உண்மை தோற்காது என்பதே அந்நூலின் சாரம்.

ஆயினும் மில்டன் வேண்டிய சுதந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. கத்தோலிக்கருக்கு அதனை அளிக்க அவர் ஒருப்படவில்லை. 1651இல், குடியரசு ஆட்சியிலே, அரசு சார்பான வார ஏடு ஒன்றுக்கு அனுமதி வழங்கும் அதிகாரியாக அவரே கடமையாற்றினார். இதனைச் சுட்டிக் கவிஞரை இழிவுசெய்வது எமது நோக்கமன்று. அதிகாரத்துக்கு வெளியே நிற்கும்போது ஒருவகையாகவும் உள்ளே நுழைந்தபின் வேறுவகையாகவும் விதிகளை நோக்குவது தனிமனிதரின் குறையாக மட்டும் இருப்பதில்லை. நிலைமை மனிதரை அவ்வாறு நோக்கச் செய்கின்றது. எனவே விதியை மதிப்பிடுபவர், அதனை எழுதியவனின் நல்லெண்ணத்தை நம்பி இருந்துவிட முடியாது.

முடியாட்சி மீண்டபின் 1662இல் அனுமதிச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. 1695இல் அது காலாவதியானபோது பாராளுமன்றம் அதனை நீடிக்கவில்லை. மில்டனின் வாதத்தைவிட, அச்சுத் தொழிலில் ஒருசிலர் அனுபவித்த ஏகபோகத்தின் மீது வணிகர் கொண்ட வெறுப்பே அம்முடிவுக்குப் பெரிதும் காரணமாயிற்று. தடை போயிற்று, வரி வந்தது. 1712இல் பத்திரிகைகளுக்கு முத்திரை வரி விதிக்கப்பட்டது. வரி ஏற ஏறப் பத்திரிகையின் விலையும் ஏறியது. செல்வன் தன் கருத்தை அச்சிடலாம், வாங்கிப் படிக்கலாம். ஏழை படிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை, ஆனால் அவனுடைய சட்டைப்பையிலே அதற்குரிய காசு இல்லை. வளர்ந்துவரும் வணிக வர்க்கம் வென்றெடுத்த சுதந்திரம் இத்தகையதாகவே இருந்தது.

2

அச்சகத்துக்கு வெளியே மற்றுமொரு களம் இருந்தது. 1652இல் லண்டன் நகரிலே பாஸ்குவா றோசே என்பவர் முதலாவது கோப்பிக்கடையைத் திறந்தார். சில ஆண்டுகளுக்குள் அத்தகைய கடைகள் நகரெங்கும் பரவின. ஒரு பென்னி கொடுத்தவன் கோப்பி அருந்தலாம், அங்குக் கிடக்கும் செய்தித்தாள்களைப் படிக்கலாம், அருகிலிருப்பவனோடு வாதிடலாம்.

1674இல் கோப்பிக்கடைக்குரிய விதிகள் செய்யுள் வடிவிலே ஒரு தாளில் அச்சிடப்பட்டன. பாதி விளையாட்டாக எழுதப்பட்டதாயினும், அக்கால மனப்பாங்கை அது நன்கு காட்டுகின்றது. உயர்ந்தவன் வந்தான் என்பதற்காக ஒருவன் தன் இருக்கையை விட்டு எழவேண்டியதில்லை. ஆணையிட்டுத் திட்டியவன் 12 பென்ஸ் தண்டம் செலுத்தவேண்டும். சண்டையைத் தொடக்கியவன் அங்கிருப்போர் அனைவருக்கும் கோப்பி வாங்கிக் கொடுக்கவேண்டும். சமயத்தையும் அரசையும் குறித்து மரியாதையற்ற பேச்சு ஆகாது. பிறப்பால் வந்த உயர்வு தாழ்வை வாசலிலே கழற்றிவைத்த அதே விதித்தாள், அரசனையும் திருச்சபையையும் விமரிசனத்துக்கு அப்பால் வைத்துவிட்டதைக் கவனித்தல் வேண்டும். கடைக்காரனுக்கு வியாபாரம் நடக்கவேண்டும். அரசாங்கத்தின் கோபமும் வரக்கூடாது. விதியில் இவ்விரு கவலைகளும் கலந்திருந்தன.

அத்தகைய அடக்கமும் அரசனுக்குப் போதவில்லை. 1675 டிசெம்பர் 29ஆம் திகதி இரண்டாம் சார்ள்ஸ் கோப்பிக்கடைகள் அனைத்தையும் மூடுமாறு பிரகடனம் செய்தான். ஜனவரி 10ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வரவிருந்தது. கடைக்காரரும் வாடிக்கையாளரும் எழுப்பிய எதிர்ப்பினால், குறித்த நாள் வருமுன்னரே பிரகடனம் கைவிடப்பட்டது. எனினும் இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. கோப்பிக்கடையின் மேசையிலே இருந்து வாதிட்டோர் பெரும்பாலும் வணிகரும் வழக்கறிஞரும் கல்விமான்களுமே. பெண்கள் பரிமாறினர், பேசவில்லை. தினக்கூலி பெறும் தொழிலாளிக்கு அம்மேசை எட்டாத தொலைவிலேயே இருந்தது.

3

அத்தொலைவை நடந்து கடந்தவர்களின் கதை 1792 ஜனவரி 25ஆம் திகதி தொடங்குகின்றது. லண்டனில் எக்ஸெற்றர் வீதியிலிருந்த 'பெல்' என்னும் மதுச்சாலையிலே ஒன்பது பேர் கூடினர். அவர்களை அழைத்தவர் தோமஸ் ஹார்டி. ஸ்கொத்லாந்திற் பிறந்து லண்டனிற் சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவர். ரொட்டியும் பாற்கட்டியும் உண்டு, சுங்கான் புகைத்தவாறு, விலைவாசி உயர்வையும் வாழ்க்கைத் துன்பத்தையும் பற்றி அவர்கள் பேசினர். பின்னர் ஹார்டி தம் திட்டத்தை முன்வைத்தார். எட்டுப் பேர் பெயரைப் பதிவுசெய்து ஆளுக்கொரு பென்னி கொடுத்தனர். எட்டுப் பென்ஸ் முதலோடு லண்டன் கடிதத் தொடர்புச் சங்கம் பிறந்தது. ஷெபீல்ட், நொறிச், மன்செஸ்ரர் முதலிய நகரங்களில் இருந்த சீர்திருத்தச் சங்கங்களோடு கடிதம் எழுதித் தொடர்புகொள்வது அதன் பணி. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை பெறுவது அதன் இலட்சியம்.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வினாவே எம் உள்ளத்தைத் தொடுகின்றது. தொழிலாளரும் சிறுகடைக்காரரும் கைவினைஞருமாகிய எமக்குப் பாராளுமன்றச் சீர்திருத்தத்தைக் கோர உரிமை உண்டா என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டனர். ஐந்து இரவுகள் அதுபற்றி வாதித்தனர். உண்டு என்று ஐந்தாம் இரவிலே முடிவுசெய்தனர். பேசுவதற்குரிய தகுதி தமக்கு உண்டு என்பதையே ஒரு வர்க்கம் விவாதித்து நிறுவவேண்டியிருந்த காலம் அது.

சங்கத்தின் விதிகளுள் முதன்மையானது, உறுப்பினர் தொகைக்கு வரையறை இல்லை என்பது. எட்வேர்ட் தொம்ஸன் ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றி 1963இல் வெளியிட்ட பெருநூல் இவ்விதியைப் பற்றிய அத்தியாயத்தோடு தொடங்குவது தற்செயலன்று. அரசியல் என்பது சொத்துள்ளோர் சிலரின் தனிக்காணி என்றிருந்த நிலையிலே, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சாதாரண மனிதர் அறிவித்தனர். அடிமையாய் விற்கப்பட்டுத் தம் உழைப்பால் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய ஆபிரிக்கர் ஒலௌடா எக்குவியானோ அவ்வாண்டில் ஹார்டியின் வீட்டிலே தங்கியிருந்து தம் சுயசரிதையைத் திருத்தினார், சங்கத்திலும் உறுப்பினரானார்.

கதவு திறந்திருந்ததேயன்றி உள்ளே ஒழுங்கு இல்லாமலில்லை. சுமார் 30 பேர் கொண்ட பிரிவுகளாகச் சங்கம் வகுக்கப்பட்டது. பிரிவு பெருத்தால் புதிய பிரிவு கிளைத்தது. ஒவ்வொரு பிரிவும் தன் பிரதிநிதியைத் தெரிந்து பொதுக் குழுவுக்கு அனுப்பியது. வாரம் ஒரு பென்னி சந்தா. தலைமை முறைவைத்துச் சுழன்றது. இன்று தலைவராயிருந்தவர் மறுவாரம் சபையில் ஒருவராய் அமர்ந்தார்.

வாசிப்புக் கூட்டங்கள் நடந்த முறையைத் தோற்காற்சட்டை தைக்கும் தொழிலாளியாயிருந்த பிரான்ஸிஸ் பிளேஸ் பிற்காலத்தில் விரிவாகப் பதிந்துள்ளார். நூலொன்று கைமாறிக் கைமாறி உறுப்பினரின் வீடுகளுக்குச் செல்லும். கூட்டத்திலே தலைவர் அதன் ஒரு பகுதியை உரத்து வாசிப்பார். கருத்துரைக்க விரும்புவோர் உரைப்பர். மேலும் ஒரு பகுதி வாசிக்கப்படும், மீண்டும் அழைப்பு. எஞ்சிய பகுதி முடிந்ததும் மூன்றாம் அழைப்பு. அதுவரை வாய்திறவாதோர் அப்போது ஏதேனும் கூறுவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் பொது விவாதம். அவ்விவாதத்தில், பேச விரும்பிய அனைவரும் ஒருமுறை பேசி முடியும்வரை எவரும் இரண்டாம் முறை பேசலாகாது.

இவ்விதியைச் சற்று நின்று நோக்குவோம். இது பேச்சைக் கட்டுப்படுத்தும் விதி என்பதில் ஐயமில்லை. நாவன்மை மிக்கவனின் வாயை அது சிறிது நேரம் அடைக்கின்றது. ஆனால் அவ்வாறு அடைப்பதனாலேயே, பகல் முழுவதும் தறியிலும் பட்டறையிலும் உழைத்து, எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்று, சபைக்கு அஞ்சி மூலையில் அமர்ந்திருக்கும் ஒருவனின் வாயை அது திறக்கின்றது. கட்டுப்பாடு எதுவும் இல்லாத சபையிலே எல்லோரும் சமமாகப் பேசுவதில்லை. குரல் வலியவனும் கல்வி மிக்கவனும் ஓய்வுநேரம் உடையவனுமே பேசுவர். கட்டற்ற சுதந்திரம் என்று கூறப்படுவது பெரும்பாலும் வலியவனின் சுதந்திரமே என்பதைக் கல்லூரிக் கல்வி பெறாத அத்தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

கூச்சலுக்கும் அவர்கள் இடமளிக்கவில்லை. ஆவேசத்தைக் காட்டுவதாகக் கூறி ஒழுங்கைக் குலைப்போரை ஐயத்துடன் நோக்குமாறு சங்கத்தின் விதிகள் எச்சரித்தன. கூச்சல் துணிவுக்கு அடையாளமாவது அரிது, மிதமிஞ்சிய தீவிரம் பலவேளை துரோகத்தின் போர்வை என்று அவை கருதின. இது வெறும் நன்னடத்தைப் போதனையன்று. அரசாங்கத்தின் ஒற்றர் பிரிவுகளுள்ளே புகுந்திருந்தனர். வன்முறைச் சொற்களை ஒருவர் வாயிலிருந்து வருவித்து, அவற்றை எழுதிச் சென்று அமைச்சரிடம் கொடுப்பது அவர்களின் தொழிலாயிருந்தது.

விதிகள் பற்றிய சச்சரவும் ஓயவில்லை. விரிவான யாப்பு ஒன்று வேண்டும் என்றனர் சிலர். யாப்பே ஆதிக்கத்தின் வித்து என்றனர் வேறு சிலர். 1795இல் கடவுள் நம்பிக்கையற்றோரைச் சங்கத்திலிருந்து விலக்கவேண்டும் என ஒரு பகுதியினர் கோரினர். சங்கம் இணங்கவில்லை, கோரியோர் பிரிந்து சென்றனர். உறுப்பினரை இழந்தாலும் நம்பிக்கையைக் காரணம் காட்டி எவருக்கும் கதவடைப்பதில்லை என்று அது நின்றது. நடத்தைக்கு விதி உண்டு, கருத்துக்கு இல்லை என்னும் இவ்வேறுபாடு மிகப் பெறுமதி வாய்ந்தது. பெண்கள் விடயத்தில் மட்டும் அச்சங்கம் தன் காலத்தைத் தாண்டவில்லை. மேரி வுல்ஸ்ரன்கிராப்ற் பெண்ணுரிமை பற்றிய தம் நூலை வெளியிட்டதும் அதே 1792இல்தான். எனினும் சங்கம் கேட்ட வாக்குரிமை நடைமுறையில் ஆண்களின் வாக்குரிமையே.

4

இவ்வாறு ஒழுங்காகப் பேசிய மனிதரை அரசு எவ்வாறு எதிர்கொண்டது? 1792 மே மாதம் இராசத்துரோக எழுத்துக்களுக்கு எதிராக அரச பிரகடனம் வெளிவந்தது. தோமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூலின் முதற்பாகம் மூன்று ஷில்லிங் விலையில் விற்றபோது அரசு பெரிதாகக் கவலைப்படவில்லை; ஆறு பென்ஸ் பதிப்பு வெளிவந்து தொழிலாளர் கைகளை அடைந்தபோதுதான் அது ஆபத்தான நூலாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில், நாட்டைவிட்டு நீங்கியிருந்த பெயின் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்.

அடுத்து நடந்தது நுட்பமானது. சங்கங்கள் கூடிய மதுச்சாலைகளின் உரிமையாளர் மிரட்டப்பட்டனர். இவர்களுக்கு இடம் கொடுத்தால் உம்முடைய அனுமதிப்பத்திரம் பறிபோகும் என்று அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. பேசுபவனை நேரே தண்டித்தால் வழக்கு வேண்டும், சாட்சி வேண்டும், யூரர் வேண்டும். இடம் கொடுப்பவனை மிரட்டினால் இவை எதுவும் வேண்டியதில்லை. கதவு தானாகவே மூடிக்கொள்ளும்.

1794 மே 12ஆம் திகதி அதிகாலை ஹார்டி கைதுசெய்யப்பட்டார். அவருடைய வீட்டிலிருந்த கடிதங்களும் ஏடுகளும் அள்ளிச் செல்லப்பட்டன. அவர் சிறையிலிருந்தபோது, கடற்போர் வெற்றியைக் கொண்டாடிய அரச ஆதரவுக் கும்பல் ஒன்று அவருடைய வீட்டைத் தாக்கியது. கருவுற்றிருந்த மனைவி லிடியா ஓகஸ்ட் மாதத்தில், இறந்த குழந்தையைப் பெற்றுத் தானும் இறந்தார். ஒக்ரோபர் 28ஆம் திகதி தொடங்கிய இராசத்துரோக வழக்கிலே அரச தரப்பின் தொடக்கவுரை மட்டும் ஒன்பது மணி நேரம் நீடித்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் கொடிய மரணம். வாக்குரிமை கேட்டு எழுதிய கடிதங்களும் தீர்மானங்களுமே முக்கிய சான்றுகள். வழக்கறிஞர் தோமஸ் ஏர்ஸ்கின் வாதாடினார். நவம்பர் 5ஆம் திகதி யூரர் ஹார்டியைக் குற்றமற்றவரென விடுவித்தனர். மக்கள் அவருடைய வண்டியைத் தாமே இழுத்து வீதிகளிற் சென்றனர்.

வழக்கில் தோற்ற அரசு சட்டத்தை மாற்றியது. 1795 டிசெம்பரில் நிறைவேறிய சட்டங்களின்படி 50 பேருக்கு மேற்பட்ட பொதுக்கூட்டத்துக்கு நீதவானுக்கு முன்னறிவித்தல் தரவேண்டும். கட்டணம் பெற்று விரிவுரையும் விவாதமும் நடத்தும் மண்டபத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சங்கத்தின் பெரும் பேச்சாளர் ஜோன் தெல்வால், உள்நாட்டு அரசியல் பேசமுடியாத நிலையிலே, பண்டை உரோமின் வரலாற்றை விரிவுரையாற்றத் தொடங்கினார். கேட்போருக்கு உட்பொருள் புரிந்தது. 1799இல் லண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்தைப் பெயர் சுட்டியே தடைசெய்யும் சட்டம் வந்தது. அச்சியந்திரம் வைத்திருப்போர் யாவரும் பதிவுசெய்யவேண்டும் என்றும் அச்சட்டம் பணித்தது. ஆயினும் 1838இல் சாசன இயக்கத்தார் வாக்குரிமைக் கொடியை மீண்டும் உயர்த்தியபோது, ஒழுங்காகக் கூடவும் முறைவைத்துப் பேசவும் கற்ற பழைய மரபு அவர்களுக்குக் கைகொடுத்தது.

5

ஹார்டி எதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றாரோ அந்தச் சர்வஜன வாக்குரிமை, பெண்களையும் உள்ளடக்கி, 1931இல் எமது நாட்டை எட்டியது. வாக்களிக்கும் உரிமையைப் பெற்ற நாம், பேசும் களத்தின் விதிகளை வகுக்கும் உரிமையையும் பெற்றுவிட்டோமா? இன்றைய களம் மதுச்சாலையிலும் கோப்பிக்கடையிலும் இல்லை. அந்நிய நாட்டுக் கம்பனிகளின் கணினிகளிலே உள்ளது.

முகநூல் நிறுவனம் தன் விதித்தொகுதிக்குச் சமூகத் தரநிலைகள் என்று பெயரிட்டுள்ளது. எந்தச் சமூகம் கூடி அவற்றை வகுத்தது? 2009இல் அந்நிறுவனம் தன் ஆட்சிமுறை மாற்றங்களைப் பயனாளரின் வாக்கெடுப்புக்கு விடுவதாக அறிவித்தது. ஆனால் 30 வீதத்தினர் பங்குபற்றினாலன்றி முடிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்றும் விதித்தது. 2012 டிசெம்பரில் அவ்வாக்கெடுப்பு முறையையே நீக்கும் யோசனை வாக்குக்கு வந்தது. ஏறத்தாழ 6 இலட்சத்து 68 ஆயிரம் பேர் வாக்களித்தனர். அவர்களுள் சுமார் 88 வீதத்தினர் நீக்கத்தை எதிர்த்தனர். பயனாளர் தொகையோ அப்போது 100 கோடியைக் கடந்திருந்தது. 30 வீதம் எட்டப்படவில்லை என்று கூறி, எதிர்த்தோரின் வாக்கைப் புறந்தள்ளி, வாக்குரிமை அகற்றப்பட்டது.

இத்தகைய ஆட்சியின் விளைவை நாம் 2018 மார்ச் மாதத்திற் கண்டோம். கண்டி மாவட்டத்திலே முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது, அவர்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சு அத்தளத்திற் பரவியிருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்டவற்றைப் படித்து அகற்றும் ஏற்பாடு மிகக் குறைவாயிருந்தது. அரசாங்கம் செய்ததோ, சமூக வலைத்தளங்களைச் சில நாட்களுக்கு முழுமையாக முடக்கியமை. தீ வைத்தவனின் வாயோடு உதவி கேட்டவனின் வாயும் அடைபட்டது. 2020இல் நிறுவனம் தன் பங்குக்காக வருத்தம் தெரிவித்தது. 2024 ஜனவரியில் எமது பாராளுமன்றம் இணையவழிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. எது பொய்யான கூற்று எனத் தீர்மானித்து அதனை அகற்றப் பணிக்கும் அதிகாரம் அச்சட்டத்தால் சனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்டது. ஒருபுறம் இலாபத்துக்காகக் கதவைத் திறந்துவைக்கும் உரிமையாளன். மறுபுறம் ஒழுங்கின் பெயரால் பூட்டுடன் வரும் அரசு. 1792இன் மதுச்சாலைக்காரனையும் நீதவானையும் இங்கே இனங்காண்பது கடினமன்று.

வெறுப்புப் பேச்சுக்கு எல்லை வேண்டாம் என்பது எமது வாதமன்று. சிறுபான்மை இனத்தவனை அச்சுறுத்தி மௌனமாக்கும் பேச்சு, பேச்சுரிமையின் பகைவனே. அதனைத் தடுக்கும் விதி தேவை. அவ்விதி வகுக்கப்படும் மேசையிலே அதனால் கட்டுப்படுவோரும், அதனாற் காக்கப்படவேண்டியோரும் அமர்ந்திருக்கவேண்டும்; அது எல்லோருக்கும் விளங்கும் மொழியில் இருக்கவேண்டும்; தலைமை சுழலவேண்டும்; தீர்ப்புக்கு மேன்முறையீடு வேண்டும். ஒன்பது பேர் கூடிய ஓர் அறையிலிருந்து தொடங்கி இவற்றுட் பலவற்றை நடத்திக் காட்டியோர் பட்டம் பெற்றோரல்லர்; சப்பாத்தும் காற்சட்டையும் தைத்தோர்.

கம்பனிகளையும் சட்டங்களையும் மாற்றும் போராட்டம் நெடியது. ஆனால் ஆசிரியரும் மாணவரும் நாளையே தொடங்கக்கூடிய பணியொன்று உண்டு. எமது பாடசாலை இலக்கிய மன்றங்களின் விதிகளை எழுதுவோர் யார்? அதிபரா, பொறுப்பாசிரியரா, மாணவரா? அங்கே வாரந்தோறும் மேடையேறுவோர் அதே நால்வர்தாமா? பேச விரும்பிய அனைவரும் பேசி முடியும்வரை எவரும் இரண்டாம் முறை பேசலாகாது என்னும் அந்தப் பழைய விதியை மாணவரே விவாதித்து ஏற்றுக்கொள்ளட்டும். தம் சபைக்குத் தாமே விதி வகுத்து அதற்குத் தாமே அமைந்து நடந்து பழகிய தலைமுறை, பிறர் வகுத்த விதியைக் கண்டதும் இதனை எழுதியது யார் என்று கேட்கும். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த மக்களை எந்தப் பிரகடனத்தாலும் நெடுங்காலம் மௌனமாக்க இயலாது.